பிள்ளையார் கமிட்டியில் இல்லை

அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளால் ஒரு மனுசியின் எதிர்காலத்தைக் கெடுக்கப் பார்த்தவள் நான். அதுவும் முன்பின் தெரியாத மனுசி. கானா நாட்டில், எனக்கு ஒரு கெடுதலும் செய்யாமல் தன்பாட்டில் இருந்தவர். இதை நானே முதலில் ஒப்புக்கொண்டுவிட்டால் என் கணவர் முந்திக்கொண்டு சொல்ல முடியாது. (அவர் சொன்னால் அரைத் தேக்கரண்டி அரைக் கிலோ ஆகிவிடும்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு கட்டடத்தின் ஏழாம் மாடியில் இருந்தோம். அவருக்கு மிசிசாகாப் பக்கம் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. எனக்கு ரொறன்ரோ நகரத்துக்குள் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்தில் கிளாக் வேலை கிடைத்திருந்தது. ஆபிரிக்கப் பல்கலைக்கழகங்களில் படிப்பிக்கத் தொடங்கியிருக்கும் இளம் ஆய்வாளர்களை ஒரு வருடம் இங்கே அழைத்து, உதவித்தொகையும் மேசையும் நூலகமும் கொடுத்து, ஆய்வை முடிக்க விடுகிற நிலையம் அது. வருடத்துக்கு நான்கு பேர்தான். நான் விண்ணப்பங்களைப் பிரித்து, திகதி முத்திரை குத்தி, தெரிவுக் கமிட்டியில் இருந்த ஐந்து பேராசிரியர்களுக்கும் பிரதி எடுத்து அடுக்க வேண்டும்.

என் மேலதிகாரி மார்கரெட் முதல் நாளே சொல்லிவிட்டார். “இந்தத் தாள்களை நீங்கள் எண்ணலாம், பிரதி எடுக்கலாம், விரும்பினால் வாசிக்கவும் செய்யலாம். ஆனால் யாருக்காகவும் கட்சி கட்டக் கூடாது.”

நான் தலையாட்டினேன். எங்கள் ஆட்களின் தலையாட்டலை எங்கள் ஆட்கள் யாரும் வாக்குறுதியாக எடுப்பதில்லை. மார்கரெட் எடுத்துக்கொண்டார்.

அந்த வருடம் பதினொரு விண்ணப்பங்கள் வந்து, பிரதி எடுத்து, அடுக்கியும் முடிந்திருந்தது. கடைசி நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பன்னிரண்டாவது வந்தது. கானாவிலிருந்து அபேனா என்ற விரிவுரையாளர் அனுப்பியது. சந்தையில் தக்காளி விற்கிற பெண்கள் தங்களுக்குள் வருகிற சண்டையைப் பொலிசுக்குப் போகாமல் எப்படித் தீர்க்கிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. எழுத்து அத்தனையும் மங்கல். கடைசிப் பக்கத்தின் அடியில் பேனையால் ஒரு குறிப்பு இருந்தது: ‘இங்கே தட்டச்சு ரிபன் கிடைப்பதில்லை. பழைய ரிபனைத் திருப்பிச் சுற்றி மூன்றாம் முறை அடிக்கிறேன். மன்னிக்கவும்.’

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தது ஜாம் போத்தில் விளக்கில். மண்ணெண்ணெய் அடியில் போகப் போக, திரியை இழுத்து இழுத்து விட்டுப் படித்த ஆள் நான். அதோடு இன்னொன்றையும் கவனித்தேன். முனைவர் பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. அபேனாவுக்கு அதுதான் ஐந்தாவது வருடம். இந்த முறை தவறினால் பிறகு இல்லை. நான் அந்த நிமிடமே கட்சி கட்டிவிட்டேன்.

அன்று பார்த்து ஒபிஸ் போட்டோக்கொப்பி மெசின் படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் மார்கரெட் விண்ணப்பத்தை என்னிடம் தந்து, வீட்டுக்குப் பக்கத்தில் எங்காவது பிரதி எடுத்துத் திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார். சனிக்கிழமை காலையே எங்கள் தமிழ்க் கடையில் ஐந்து பிரதியும் எடுத்துவிட்டேன். அத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து, மூலப்பிரதியைச் சாமித் தட்டுக்கு முன்னால் வைத்து, ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்தேன்.

இதில் எனக்கு முன் அனுபவம் உண்டு. எங்கள் அகதி விண்ணப்பத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டுவைத்துத்தான் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். கணவரின் டிரைவிங் ரெஸ்ற் போமுக்கும் வைத்தேன். பாஸ் பண்ணினார். (நாலாவது தடவையில். அதைப் பிள்ளையாரின் பிழை என்று சொல்ல முடியாது.)

அவர் குளியலறையிலிருந்து வந்து பார்த்தார். “உது என்ன?”

“ஒபிஸ் பேப்பர்.”

“ஒபிஸ் பேப்பருக்கு ஏனப்பா மஞ்சள்? உமக்கென்ன விசரே?”

“பாவமப்பா அந்தப் பிள்ளை. ரிபன்கூட இல்லையாம்.”

“ரிபன் இல்லாட்டி ரிபன் வாங்கி அனுப்பும். மஞ்சள் பூசினால் எழுத்துத் தெரியுமே?”

நியாயமான கேள்வி. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில், முதற் பக்கத்தோடு நிறுத்த வேண்டிய நான், ஒன்பது பக்கங்களுக்கும் நாலு நாலு மூலையாகப் பூசினேன். பேராசிரியர்களுக்குப் பிரதிதானே போகப்போகிறது, மூலப்பிரதி அலமாரிக்குள் தூங்கப்போகிறது, யார் பார்க்கப்போகிறார்கள் என்ற துணிவு.

இரண்டு கிழமை கழித்துக் கமிட்டி கூடியது. நான் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். மெலிந்து உயர்ந்த மனிதரான தலைவர் ஒரு பிரதியைத் தூக்கிப் பிடித்து, மூன்றாம் பக்கத்து அட்டவணை வாசிக்க முடியவில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“மூலப்பிரதியைக் கொண்டுவர முடியுமா?”

அலமாரியிலிருந்து மேசைக்கு இருபது அடி இருக்கும். அந்த இருபது அடியில் எனக்கு ஒரு பொய்கூடத் தோன்றவில்லை.

தலைவர் விண்ணப்பத்தைத் திறந்தார். திறக்கவில்லை. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கஷ்டப்பட்டுப் பிரித்ததும் முப்பத்தாறு மூலையும் மஞ்சளாகப் பளிச்சிட்டன. அறையில் எங்கள் வீட்டுக் குசினி மணந்தது.

பழைய ஆவணங்களைப் பாதுகாப்பதில் பேர்போன பேராசிரியை ஒருவர் கதிரையைப் பின்னால் தள்ளினார். “தொடாதீர்கள்! அது பூஞ்சணம்.” கைப்பையிலிருந்து வெள்ளைக் கையுறை எடுத்து மாட்டினார். கமிட்டிக் கூட்டத்துக்குக் கையுறையோடு வருகிற ஆளை அன்றுதான் கண்டேன்.

பக்கத்தில் இருந்தவர் தாடி வைத்த மேற்கு ஆபிரிக்க நிபுணர். அவர் மூலையை முகர்ந்து பார்த்துவிட்டு, “பூஞ்சணம் இல்லை. இது அந்தப் பகுதிச் சந்தைப் பெண்களின் முத்திரை வழக்கம். மஞ்சள் என்றால் நம்பிக்கை, நாலு மூலை என்றால் நாலு குலம்” என்று விளக்கத் தொடங்கினார். ஐந்து நிமிடம் விளக்கினார். நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

கானாவிலேயே பிறந்து வளர்ந்த டொக்டர் மென்சா கோப்பியைக் கீழே வைத்தார். “என் தாயார் முப்பது வருடம் அந்தச் சந்தையில் வியாபாரம் செய்தவர். இப்படி ஒன்றை நான் கண்டதில்லை.”

“நீங்கள் கவனிக்காமல் இருந்திருக்கலாம்,” என்றார் நிபுணர்.

தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தனி அடையாளம் இட்ட விண்ணப்பம் தள்ளிவைக்கப்படும் என்று அதில் இருந்தது. கமிட்டியில் யாருக்கோ இரகசியமாகச் சைகை காட்டியதாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம். “வருத்தம்தான். தள்ளிவைப்போம்,” என்று அபேனாவின் விண்ணப்பத்தை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

ஐந்தாவது வருடம் என்பது என் தலைக்குள் மணி அடித்தது. எனக்கோ வேலையில் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடியவில்லை. கோப்பிப் பாத்திரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, “அது நான்தான்,” என்றேன்.

ஐந்து தலைகளும் திரும்பின. மார்கரெட்டின் முகத்தை நான் பார்க்கவில்லை. சமையல் மஞ்சள், நல்ல காரியம், பிள்ளையார் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கொட்டினேன்.

“இந்தக் கமிட்டியின் முடிவை மாற்றத்தான் அதைப் பூசினீர்களா?” என்று தலைவர் கேட்டார்.

“இல்லை சேர். உங்களை நான் நினைக்கவேயில்லை. அது பிள்ளையாருக்கு.”

“அவர் யார்? இந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவரா?”

நான் வாயைத் திறக்குமுன் மார்கரெட் சொன்னார்: “அவர் இந்தக் கமிட்டியில் இல்லை.” குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் அதையும் கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டாள். இன்றைக்கும் அது அங்கே எங்கோ ஒரு கோப்பில் கிடக்கும்.

பிறகு டொக்டர் மென்சா தொண்டையைச் செருமினார். “ஒன்றில் மட்டும் இருந்தால்தானே தனி அடையாளம்? பன்னிரண்டிலும் இருந்தால்?”

தலைவர் விதிப் புத்தகத்தை இன்னொரு தடவை வாசித்தார். அதில் மஞ்சளுக்கு எதிராக ஒன்றும் இல்லை. நான் ஸ்ரீற்கார் பிடித்து, இந்தியக் கடைகள் இருக்கும் ஜெராட் வீதிக்கு ஓடி, மஞ்சள் பக்கற்றோடு திரும்பி வந்தேன். ஐந்து பேராசிரியர்கள் பார்த்திருக்க, பதினொரு விண்ணப்பங்களின் அத்தனை தாளுக்கும் நாலு மூலை பூசினேன். கையுறைப் பேராசிரியை ஒவ்வொரு தாளாக வாங்கி ஒற்றுத்தாளில் உலர்த்தினார். நிபுணர் பேனையோடு பக்கத்தில் நின்று, “வலமாகப் பூச வேண்டுமா, இடமாகவா?” என்றார். கைக்கு வந்தபடி என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

அபேனாவுக்குக் கிடைத்தது. என் வேலையும் தப்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கோடை முழுக்கப் பிள்ளையாரும் நானும் சேர்ந்து ஒரு ஆய்வாளரைக் கரைசேர்த்த கதையை ஸ்காபரோவில் நான் சொல்லாத வீடு இல்லை.

செப்ரெம்பரில் அபேனா வந்தார். என் உயரம், பெரிய சிரிப்பு. வரவேற்பு மதிய உணவில் அவருக்கும் அதே கதையை எடுத்துவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் இருந்த மார்கரெட் மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“கூட்டத்துக்கு மூன்று நாள் முதலே ஐவரும் புள்ளி போட்டு மூடிய உறையில் என்னிடம் தந்துவிட்டார்கள். அந்த மங்கல் பிரதியை வாசித்துத்தான். கூட்ட முடிவில் பிரித்தபோது அபேனா முதலாவது இடம். அன்றைக்கு அவருக்கு இருந்த ஒரே ஆபத்து நீங்கள்தான்.”

அபேனா என்னைப் பார்த்தார். எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. அந்த மங்கல் எழுத்தைக் கண்டு நான் பாவம் பார்த்தேன். அவர்கள் அதை வாசித்திருக்கிறார்கள். அபேனா என் கையைப் பிடித்து, “பரவாயில்லை. என் தாயாரும் மூன்று நாள் பட்டினி கிடந்து கும்பிட்டார். அவருக்கு நான் இதைச் சொல்லப்போவதில்லை,” என்றார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். “அப்ப பிள்ளையார் எல்லாத்தையும் சரியாச் செய்து முடிச்சிட்டார். நீர்தான் போய்க் குழப்பப் பாத்தனீர்,” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு சொல்வழக்கு ஆகிவிட்டது. கறி சரியாக வந்தபிறகு நான் உப்புப் பாத்திரத்தை எடுத்தால், “மஞ்சள் பூசாதேயும்.” யூனியன்வில்லில் இருக்கும் மகள் கணவனோடு சமாதானமான பிறகு நான் சமாதானம் பேச வெளிக்கிட்டால், “அம்மா, ப்ளீஸ், மஞ்சள் பூசாதேங்கோ.”

அபேனா இப்போது கானாவில் பெரிய பேராசிரியர். போன கிழமை தொலைபேசியில் பேசினார். தன் மாணவி ஒருத்தி ஏதோ ஒரு உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறாளாம். கெட்டிக்காரியாம். அந்தக் கமிட்டித் தலைவர் தனக்குத் தெரிந்தவர்தான் என்றும், ஒரு வார்த்தை சொல்லலாம் என்று போனை எடுத்ததாகவும் சொன்னார்.

“சொன்னீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லை,” என்றார். “உன்னை நினைத்தேன். வைத்துவிட்டேன்.”