பீலித் தண்ணீரில் குளிர்ந்த கிராபிக்ஸ் கார்டு

‘பழுதடைந்த பொருளை வாங்கியவர் திறக்கக் கூடாது, விற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும்.’ உத்தரவாதச் சீட்டின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் இருந்த விதி இது. இப்படிப்பட்ட விதிகளைக் கட்டிக் காப்பதற்காகத்தான் அரசாங்கம் பதுளையில் எனக்கு ஆயுள் பாதிக்குச் சம்பளம் தந்தது. தட்டச்சு இயந்திரத்துக்குத் தன்னிச்சையாக எண்ணெய் விட்ட எழுதுவினைஞர் ஒருவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டவன் நான். (எண்ணெய் விட்டபிறகு அது நன்றாகத்தான் ஓடியது. அது வேறு விடயம்.)

ஓய்வு பெற்றவனுக்கு ஒரு நோய் வரும். கேள்வி கேட்க மேலதிகாரி இல்லாததால், தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கத் தொடங்குவான். (கேள்வி கேட்க மனைவி இருக்கிறாள். ஆனால் அவள் கேட்பது கோப்பில் ஏறுவதில்லை.)

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து ஓரமாக வீடு கட்டிக் குடியிருந்தோம். மகள் வாசுகி கொழும்பில் ஒரு வடிவமைப்புக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். இலவச இடங்கள் சில இருந்தன. அதற்கு, தானே கணினியில் உருவாக்கிய முப்பரிமாணக் காட்சி ஒன்றை அனுப்ப வேண்டும். கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை ஜன்னல் ஜன்னலாகக் கட்டி எழுப்பினாள். கொழுந்து வாட்டும் மேல்மாடியில் வெயில் விழும் இடத்தை அவள் சுற்றிக் காட்டியபோது, எனக்கே தும்மல் வந்தது. அவ்வளவு தூசி, அவ்வளவு உண்மை.

முடிவுத் திகதி நெருங்கியபோது, கணினிக்குள் இருந்து காட்சியைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டின் விசிறி நின்றுவிட்டது. காட்சியைச் சற்றுத் திருப்பினாலே கார்டு கொதித்துத் திரையெல்லாம் வர்ணக் கோடுகள், பிறகு இருட்டு. கடைக்காரர் கார்டை அனுப்பச் சொன்னார். மாற்றுக் கார்டு வர ஒரு மாதமாகுமாம். அவ்வளவு அவகாசம் எங்களிடம் இல்லை.

சும்மா ஒரு மேசை விசிறியை அருகில் வைத்திருக்கலாம். ஆனால் அன்று நான் ஒரு சஞ்சிகையில், வெளிநாட்டுப் பையன்கள் கணினியைத் தண்ணீரால் குளிர்விக்கிறார்கள் என்று வாசித்துத் தொலைத்திருந்தேன். அவர்களுக்கு அதற்கு மோட்டார் வேண்டும், தொட்டி வேண்டும். எங்களுக்கு எதற்கு? மலையில் ஊற்றெடுத்துத் தோட்டத்துத் தொட்டியில் நிறைந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே குழாயில் தானாக இறங்கி வரும் பீலித் தண்ணீர் இருக்கிறது. பல்லைக் கூசவைக்கும் குளிர். ஒரு பக்கத்தால் விட்டு, மறுபக்கத்தால் போஞ்சிப் பாத்திக்குப் பாய்ச்சினால் கார்டும் குளிரும், போஞ்சியும் காய்க்கும்.

“இஞ்சருங்கோ, கரண்ட் சாமானுக்கை தண்ணி விடலாமெண்டு எந்தச் சுற்றுநிருபத்திலை கிடக்கு?” என்று மனைவி கேட்டாள்.

தண்ணீர் உள்ளே போவதில்லை, ஊடாகப் போகிறது என்று விளக்கினேன். வாசுகி கார்டைக் கழற்றித் தந்தாள். அப்பா ஒரு காரியத்தை யோசிக்காமல் செய்யமாட்டார் என்று அந்தப் பிள்ளை நம்பியது.

தோட்டத்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த செல்வராஜிடம் ஒரு செப்புக் கட்டி செய்யக் கொடுத்தேன். உள்ளே வளைந்து வளைந்து தண்ணீர் ஓட ஒரு வழி, வெளியே இரண்டு மூக்கு. அழகாகச் செய்து கொண்டு வந்தான். அதைக் கார்டின் மேல் நான் பொருத்துவதைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

“நல்லாத்தாங்க ஐயா இருக்கு. ஆனா யாராச்சும் கேட்டா, நான் செஞ்சேன்னு மட்டும் சொல்லிப்புடாதீங்க.”

மேசன்மார் மட்டம் பார்க்கும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை மூக்குகளில் செருகிக் கட்டுக்கம்பியால் இறுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். தண்ணீர் சாதுவாக ஓடியது. திரையில் வெப்பத்தைக் காட்டும் எண் இறங்க இறங்க என் தலைக்கனம் ஏறியது. அன்று முழுவதும் வாசுகி தடையில்லாமல் வேலை செய்தாள். வேலையை ஒரு சீடியில் எழுதி வைக்கட்டுமா என்று பின்னேரம் கேட்டாள். இறுதி வடிவம் அங்கீகரிக்கப்படுமுன் பிரதி எடுக்கும் வழக்கம் எந்தக் கந்தோரிலும் கிடையாது என்றேன்.

ஞாயிறு என்பது லயத்தில் துணி துவைக்கும் நாள், குளிக்கும் நாள். மலையின் அத்தனை குழாய்களும் திறந்து கிடக்கும். எங்களுக்கு மிஞ்சி வருவதுதான் அந்தச் சாதுவான தண்ணீர். திங்கள் காலையில் பெரட்டில் பெயர் பதிந்துவிட்டு எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவார்கள். குழாய்கள் எல்லாம் மூடப்படும். திறந்திருந்தது எங்கள் வீட்டுக் குழாய் ஒன்றுதான். மலையின் முழுக் கனமும் கட்டுக்கம்பி சுற்றிய அந்தக் குழாயைத் தேடி இறங்கியது.

கிழமை நாட்களில் காலையில் குசினிக் குழாயைப் பாதிக்குமேல் திறந்தால் தண்ணீர் முகத்தில் அடிக்கும் என்பது என் மனைவிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அந்தக் குழாயை நான் ஒருநாளும் திறந்ததில்லை.

வாசுகி கடைசிக் காட்சியில் இருந்தாள். ‘டப்’ என்று ஒரு சத்தம். குழாய் கழன்று பாம்புபோல நிமிர்ந்து, கணினிப் பெட்டி முழுவதையும் நனைத்துவிட்டு என்னையும் நனைத்தது. பிறகு ஒரு வெடிப்பு, கருகல் நாற்றம். வாசுகி ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். மனைவி குழாயைப் பூட்டினாள். நான் செய்தது: ஒருவரும் எதையும் தொடக்கூடாது, முதலில் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டேன்.

பரிசீலிக்க எதுவும் மிஞ்சவில்லை. கார்டு போயிற்று, ஹார்ட் டிஸ்க் போயிற்று, அதற்குள் இருந்த தொழிற்சாலையும் போயிற்று.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “எல்லாம் மனசிலை இருக்கப்பா. ரெண்டு கிழமை தந்தா சிநேகிதியின்ரை கொம்பியூட்டரிலை திரும்பச் செய்துபோடுவன். ஒருக்கா அவையளுக்குப் போன் எடுங்கோ.”

“போனிலை கதைச்சது காத்தோடை போயிடும். எழுத்திலை இருக்கவேணும்.”

தானே எடுப்பதாகச் சொன்னாள். விண்ணப்பத்தில் பாதுகாவலராகக் கையொப்பமிட்டவன் நான் என்று தடுத்தேன். அந்தக் கடிதத்தை இப்போது நினைத்தாலும் குறை சொல்ல முடியாது. பொருள், தொடர்புடைய விண்ணப்ப இலக்கம், வேண்டுகோள், பிரதிகள் யாருக்கு என்ற விபரம் எல்லாம் முறைப்படி இருந்தன. பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதிலுக்குக் காத்திருந்தோம். பதில் வராமல் வேலையை மீண்டும் தொடங்குவது முறையல்ல என்றும் சொன்னேன். முடிவுத் திகதி போயிற்று. தெரிவானோர் பட்டியலும் வந்து போயிற்று.

பண்டாரவளைப் பையன் ஒருவன், காய்ச்சல் என்று கல்லூரிக்குப் போன் எடுத்துச் சொல்லி, அதே போனில் அவகாசம் வாங்கி இடமும் பெற்றான் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

வாசுகி அடுத்த வருடம் மொனராகலையில் ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தாள். பஸ் ஏறும்போது, “நீங்கள் ஆசைப்பட்ட மாதிரி அரசாங்க உத்தியோகம் அப்பா” என்றாள். குத்திக்காட்டத்தான் சொன்னாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

வீட்டில் இப்போதும் காஸ் முடிந்தாலும், கூரை ஒழுகினாலும், யாருக்காவது நெஞ்சு வலித்தாலும் மனைவி சொல்வது ஒன்றுதான்: “அப்பாவைக் கேளுங்கோ, ஒரு பதிவுத் தபால் போடுவார்.” எல்லோரும் சிரிப்பார்கள். வாசுகியும் சிரிப்பாள், கொஞ்சம் பிந்தி.

கல்லூரியிலிருந்து பதில் வராமல் இல்லை. வந்தது. என் வேண்டுகோள் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டதாகவும், கோரியபடியே இரண்டு வார கால அவகாசம் மகிழ்ச்சியுடன் வழங்கப்படுவதாகவும் எழுதியிருந்தார்கள். கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. அது வந்து சேர்ந்தது, மொனராகலையில் வாசுகியின் தகுதிகாண் காலம் முடிந்து அவளைப் பதவியில் நிரந்தரமாக்கிய அன்று.