பைய இத்தாவின் மைக்செட்

மட்டாஞ்சேரியில் நான் இருந்த வருஷங்களில் என்னைக் கீழ்வீட்டு அம்மாள் அளவுக்குக் கோபப்படுத்திய ஜீவன் வேறு கிடையாது. கொச்சிக் கொசுக்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஊரே அவரை ‘பைய இத்தா’ என்றது. அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை இத்தா என்பார்கள், அண்ணனைக் காக்கா என்பார்கள்; பைய என்றால் மெதுவாக. பாலக்காட்டுத் தமிழ் ராவுத்தர் குடும்பம். கல்யாணத்துக்கும் கடைத் திறப்புக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் மைக்செட் கடை வைத்திருந்தார். நான் அதற்கு மேல்மாடியில் குடியிருந்தேன். மைக்செட் என்றால் தெருவே அதிர வேண்டாமா? இந்த அம்மாளுக்கு வேகமான பாட்டே ஆகாது. நிதானமாக நடக்கிற பாட்டு மட்டும்தான் அவருடைய பெட்டியிலிருந்து வெளியே வரும். மீன்கடை போட்டுவிட்டு மீன் வாடை பிடிக்காது என்பவரை என்ன சொல்வது?

காலையில் பெட்டியைச் சோதிக்கிறேன் என்று புல்லாங்குழலைப் போடுவார். நான் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு சுவரில் சாய்ந்து அப்படியே நின்றுவிடுவேன். ஆபீசுக்கு லேட். மிளகு ஏற்றுமதி ஆபீஸ் மேனேஜரிடம் போய், “கீழ்வீட்டுப் புல்லாங்குழல் சார்” என்று காரணம் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

ஒருநாள் சண்டை போடவே இறங்கிப் போனேன்.

“இத்தா, கொஞ்சம் விறுவிறுப்பா எதாவது போடக் கூடாதா?”

“எந்தினு சாரே, எதுக்கு? யாராவது துரத்துறாங்களா?”

கையில் சாயாவைக் கொடுத்து உட்கார வைத்தார். முதலில் ஒரு தமிழ்த் தாலாட்டு. அடுத்து கஸல். அப்புறம் எந்தத் தேசத்துக்காரரோ வாசித்த பியானோ. ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு தந்தி வாத்தியம். கடைசியில் காலேஜ் பிள்ளைகள் படிக்கும்போது கேட்கிற கம்ப்யூட்டர் தாளம். அதில் மழைச் சத்தம் வேறு.

“எல்லாம் ஒரே வயித்துல பொறந்ததுங்க சாரே. வேற வேற நாட்டுல கட்டிக் கொடுத்துட்டாங்க.”

அபத்தம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மாடிப்படி ஏறும்போது அந்த ஆப்பிரிக்க மெட்டை நானே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கோபம் இரட்டிப்பானது.

தோப்பும்படியில் ஒரு செல்போன் கடைத் திறப்பு. நாலு பேர் கூடுகிற மாதிரி பாட்டு வேண்டும் என்று கடைக்காரர் கேட்டிருந்தார். இத்தா கஸல் போட்டார். கூட்டம் கூடத்தான் செய்தது. வந்தவர்கள் எல்லாரும் படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். கடைக்குள் போக வழியில்லை. கடைக்காரர் குதித்தார்.

“ஆளு கூடணும்னு சொன்னே, கூடியாச்சு. வாங்கணும்னு நீ சொல்லலியே” என்றார் இத்தா.

இவ்வளவு தெரிந்தும் என் தம்பி கல்யாண வரவேற்புக்கு அவரை அழைக்க வேண்டி வந்தது. முகூர்த்த சீசன், வேறு மைக்செட் கிடைக்கவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் ஆடிக்கொண்டே மண்டபத்துக்குள் வர ஒரு குத்துப்பாட்டுக்குத் தம்பியின் நண்பர்கள் பயிற்சி எடுத்திருந்தார்கள். அதே பாட்டைப் போடுவதாக இத்தா வாக்குக் கொடுத்தார். போட்டார். பாதி வேகத்தில் போட்டார். பாடகர் வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு பாடுவதுபோல் இருந்தது. பையன்கள் வலது காலைத் தூக்கிவிட்டுப் பாட்டு வந்து சேரும்வரை காத்து நின்றார்கள். கனத்த பட்டுப் புடவையில் தடுக்காமல் நடக்க முடிந்ததால் பெண் ஒருத்திக்குத்தான் சந்தோஷம்.

“என்ன இத்தா இது?”

“நீங்க கேட்ட பாட்டுதானே?”

அதோடு முடியவில்லை. பந்தி நடக்கும்போது வயலின் ஒன்றை மெல்ல ஓடவிட்டார். கல்யாண வீட்டில் இரைச்சல் எதற்கு என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கக் கூடாது, அதற்குத்தான். என் அத்தை பக்கத்து இலைக்காரியிடம், “பொண்ணோட மாமன் இன்னைக்கு எழும்ப மாட்டார் போல இருக்கே, மூணாவது தடவையா பிரியாணி” என்றாள். மண்டபம் முழுக்கக் கேட்டது.

அந்த மாமா ஏலூரில் உரத் தொழிற்சாலைத் தொழிலாளி. மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, சாதாரணமாகப் பேசினாலே அதட்டுவது போலிருக்கும். கோபம் வந்தால் கேட்க வேண்டாம். இலையை மூடிவிட்டு எழுந்தார். பெண் வீட்டார் எல்லாரும் எழுந்தார்கள். பெண் அழ ஆரம்பித்தாள். தம்பி என்னைப் பார்த்தான். நான் மைக்செட்டுக்கு ஓடினேன்.

“இத்தா, சத்தமா எதாவது போட்டு மூடுங்க.”

“மூடி வெச்சா நாளைக்கு வீட்டுல கெடந்து நாறும். கேட்கட்டும்.”

அதற்குள் மாமா அங்கேயே வந்துவிட்டார். “என்னம்மா பாட்டு இது? இது கல்யாண வீடா, சாவு வீடா?”

“இருங்க காக்கா. இது முடியட்டும், பின்னே திட்டுங்க.”

திட்டுவதற்காகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வயலின் முடிகிற வழியாக இல்லை. ஒரு இடத்தில் முடிவதுபோல் வந்து, மறுபடி எங்கோ திரும்பிப் போயிற்று. மாமாவின் மூச்சு தணிந்தது. முஷ்டி பிரிந்தது. எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவழியாகப் பாட்டு முடிந்தபோது, அவர் குரலில் நான் அதுவரை கேட்காத ஒரு தணிவு.

“பகல் பூரா மெஷின். வீட்டுக்குப் போனா டிவி. இப்படி ஒண்ணைக் கேட்டதே இல்லை. யாரும்மா வாசிக்கிறது?”

“யாருன்னு எனக்கும் தெரியாது. ஆனா அவனுக்கு அவசரம் இல்லே.”

அத்தை ஒரு தட்டில் பிரியாணியோடு வந்து நின்றாள். “பிரியாணி அவ்வளவு நல்லாருக்குன்னுதான் அப்படிச் சொன்னேன்” என்றாள், முறைத்துக்கொண்டே. மாமா தட்டை வாங்கிக்கொண்டார். அங்கேயே, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். நாலாவது தடவை.

எல்லாரும் இத்தாவைப் பாராட்டினார்கள். சண்டையை மூட்டியதே அவர்தான் என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அந்த ஆத்திரம் உண்டு.

இப்போது வேலை மாறி வைட்டிலா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். விடிந்தால் ஹாரன், இருட்டினால் ஹாரன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டாஞ்சேரிக்குப் போய் அந்தக் கடை வாசலில் நிற்பேன்.

“என்னா வேணும் சாரே?”

“ஒண்ணும் வேண்டாம் இத்தா.”

அவர் ஒரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளிவிடுவார். நான் உட்காரும்வரை அடுத்த பாட்டை ஆரம்பிக்க மாட்டார்.