இடுப்பில் கட்டிய கட்டுச்சோறு

கூச்சப்படுகிறவர்களிடம் ரகசியத்தைச் சொன்னால் பத்திரமாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தயவுசெய்து நம்பாதீர்கள். நாங்கள் பேசாமல் இருப்பது வாயை அடக்கத் தெரிந்ததால் இல்லை, யாரும் கேட்காததால்தான். கேட்கிற மாதிரி யாராவது லேசாக முகத்தைக் காட்டினால் போதும், மொத்தத்தையும் கொட்டிவிடுவோம்.

நான் படித்தது ஐந்தாங்கிளாஸ் வரைக்கும்தான். அந்த ஐந்து வருஷமும் டீச்சர் கேட்ட கேள்விக்குத் தெரிந்த பதிலைக்கூட எழுந்து நின்று சொன்னதில்லை. (தெரியாத பதில்தான் நிறைய என்பதால் அது பெரிய குறையாகப் படவில்லை.) அப்படிப்பட்ட நான் ஊரே கேட்கும்படி கணீரென்று பேசியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அது ஒரு தீம் பார்க் வாசலில். அன்றைக்கும் பேசாமலே இருந்திருக்கலாம்.

ரெண்டாயிரம் பிறந்து மூணு நாலு வருஷம் இருக்கும். நாங்கள் திருப்பரங்குன்றத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு கப்பலூரில் ஒரு பட்டறையில் வேலை. மகள் செல்வியை காளவாசலில் கட்டிக் கொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணத்தில் எல்லாம் நல்லபடியாக நடந்தது, கட்டுச்சோறு தவிர.

கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் கிளம்பும்போது பெண் வீட்டில் சோறு கட்டிக் கொடுத்து அனுப்புவது வழக்கம். திருப்பரங்குன்றத்திலிருந்து காளவாசலுக்கு இருபது நிமிஷம், அதற்குள் யாருக்குப் பசிக்கப் போகிறது என்று கேட்கக் கூடாது. கட்டுச்சோறு பசிக்கு இல்லை, மரியாதைக்கு. அன்றைக்கு வேனில் ஏறியவர்கள் எண்ணிக்கையில் எங்கேயோ பிசகிவிட்டது. போய்ப் பிரித்துப் பார்த்தால் சம்பந்தி அம்மாவின் நாத்தனாருக்கு மட்டும் பொட்டலம் இல்லை.

அவ்வளவுதான். செல்வி குழம்பைக் கொஞ்சம் குறைவாக வைத்துவிட்டால்கூடப் போதும், “கட்டுச்சோறு கட்டுன வீட்டுப் பொண்ணுதான, வேற எப்பிடி இருக்கும்?” என்பாராம் மாமியார். செல்வி எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதைச் சொல்லி மூக்கை உறிஞ்சுவாள். “நீயாச்சும் ஒரு வார்த்தை கேளேம்மா” என்பாள். நானா? சம்பந்தி அம்மா என்னை “மதினி” என்று கூப்பிட்டால் பதிலுக்குத் தலையை ஆட்டுவேன். ஒரு வருஷத்தில் அவரிடம் நான் பேசியது மொத்தம் மூன்று வார்த்தை. அதில் இரண்டு “வாங்க”.

இந்த நிலைமையில்தான் மாப்பிள்ளை எல்லோரையும் ஒரு நாள் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். நாங்கள் மூன்று பேர் (நான், வீட்டுக்காரர், காலேஜ் படிக்கும் மகன் செந்தில்), அவர்கள் மூன்று பேர். சம்பந்தி ஐயா கடையை விட்டு வரவில்லை. மாப்பிள்ளை எதையும் திட்டம் போட்டுச் செய்கிறவர். எங்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்ற என்னிடம் சத்தமாகச் சொன்னார்:

“அத்தே, கேட்டுக்கங்க. எங்க ஆபீஸ்காரரு ஒருத்தரு ஏழு பையத் தூக்கிட்டுப் போயி கேட்டுல ஒரு மணி நேரம் நின்னுருக்காரு. ஒவ்வொரு பையாத் தொறந்து பாப்பாங்களாம். அதுனால மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே பை. மாத்துத் துணி, துண்டு, அம்புட்டுத்தான். வெளிச் சாப்பாடு உள்ள விடமாட்டாங்க. கேன்டீன் இருக்கு, பாத்துக்கலாம்.”

“சரிங்க மாப்ளை” என்றேன் கதவிடம்.

சரி என்று சொன்னது வாய் மட்டும்தான். சம்பந்தி அம்மாவைப் பெண் வீட்டார் முதல்முதலாக வெளியே கூட்டிப்போகிற மாதிரி இது. வெறுங்கையோடு போய், கேன்டீனில் வரிசையில் நிறுத்தி, காய்ந்த பன்னை வாங்கிக் கொடுத்தால் செல்வியின் மிச்ச ஆயுளுக்கும் அதுவே பேச்சாகிவிடாதா? அன்றைக்கு விட்ட மரியாதையைப் பிடிக்க இதைவிட்டால் வேறு நாளில்லை என்று முடிவு செய்தேன். எதிர்த்துப் பேசத் தெரியாதவர்களுக்கு ஒரே வழி, தலையாட்டிவிட்டு நினைத்ததைச் செய்வது.

விடியற்காலையிலேயே எழுந்து புளியோதரை கிளறினேன். வாட்டிய வாழை இலையில் மடித்து, மேலே பேப்பர் சுற்றி, எட்டுப் பொட்டலம். ஆறு எங்களுக்கு. இரண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று. (பட்டவளுக்குத்தான் தெரியும்.) எட்டையும் பழைய வேட்டியில் வரிசையாக வைத்து இடுப்பைச் சுற்றிக் கட்டி, மேலே சேலையை உடுத்தினேன். சூடு ஆறவில்லை. அடுப்பையே கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

பையில் இடத்தைக் குறைக்க ஒரு யோசனை தோன்றியது. மாற்றுத்துணியை எதற்குப் பையில் வைக்க வேண்டும்? உடம்பிலேயே போட்டுக்கொண்டால் போயிற்று. வீட்டுக்காரருக்கு இரண்டு சட்டை, இரண்டு வேட்டி. அடியில் அவருடைய பட்டாபட்டி டவுசர். அதன் பையில் ஒரு படி நெல்லே கொள்ளும். முறுக்கை அதில் போட்டேன். செந்தில் பேண்ட்டில் ஆறு அவித்த முட்டை.

“என்னடி இது, என்னையச் சோளக்கொல்லப் பொம்மை ஆக்கிட்ட?” என்றார் வீட்டுக்காரர்.

“உக்காரும்போது மெதுவா உக்காருங்க” என்றேன்.

தேங்காய்த் துவையலுக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. கடைசியில் அதையும் இலையில் மடித்து, மடக்கிய குடைக்குள் வைத்து, குடையின் பட்டனைப் போட்டேன்.

வேன் வந்தது. மாப்பிள்ளை தன் பையில் சேர்த்து வைக்க எங்கள் சாமான்களை வாங்கிப் பார்த்து அசந்துபோனார். மொத்தமே இரண்டு துண்டும் ஒரு சீப்பும்தான். “பாத்தியா செல்வி? அத்த மாதிரி சொன்னதப் புரிஞ்சுக்குற ஆளப் பாக்க முடியாது” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வேனில் சாய முடியவில்லை. மணவறையில் இருக்கிற பெண் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் சம்பந்தி அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மதினி, முன்னைக்கு இப்ப நல்லா சதை போட்டுட்டீங்க.”

தலையாட்டினேன்.

“திடீர்னு இப்பிடிப் பெருத்தா டாக்டர்ட்ட காட்டணும்.”

அதற்கும் தலையாட்டினேன். முன் சீட்டிலிருந்து மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சி, “இங்கிட்டு எதோ கோயில்ல பிரசாதம் குடுக்குறாங்க போல. பெருங்காய வாசம் ஆளத் தூக்குது” என்றார். வேன் போய்க்கொண்டிருந்தது புறவழிச்சாலையில், இரண்டு பக்கமும் பொட்டல் காடு.

பார்க் வாசலில் இறங்கியதும் வெயில் மண்டையைப் பிளந்தது. சம்பந்தி அம்மா கை நீட்டினார். “மதினி, அந்தக் குடையக் குடுங்க, விரிச்சுக்கிறேன்.”

நான் குடையைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டேன். “வெயிலே இல்லீங்களே” என்றேன். சித்திரை மாதம், மணி பத்து, மதுரை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் டாக்டர் என்றது எந்த டாக்டரை என்பது மாறிப்போயிருந்தது.

ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்குத் திரை கட்டிய ஒரு தடுப்பு. மாப்பிள்ளையின் ஒரே பையை அரை நிமிஷத்தில் பார்த்து அனுப்பிவிட்டார்கள். அவர் முகத்தில் வெற்றி. செல்வி போனாள், ஒன்றும் இல்லை. அடுத்து நான். காக்கிச் சேலை கட்டிய காவல்காரம்மா கையில் தோசைக் கரண்டி மாதிரி ஒரு கறுப்புக் கருவி. அதை என் கழுத்துப் பக்கம் கொண்டுவந்தார்.

“கீங்ங்” என்று கத்தியது.

மறுபடி வைத்தார். மறுபடி கத்தியது.

“ஏக்கா, என்ன வச்சிருக்க?” என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். என் காதில் விழுந்தது அதற்கு மேல். அந்தக் கருவி புளியை மோப்பம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். ஐந்தாங்கிளாஸிலிருந்து அடக்கி வைத்த பேச்செல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

“சொல்லிர்றேம்மா! இடுப்புல புளியோதரை, எட்டுப் பொட்டலம். அந்தா ரெண்டு சட்டையோட நிக்கிறாரு பாருங்க, அவரு டவுசர்ல முறுக்கு. எம் பையன் பேண்ட்டுல முட்டை ஆறு. குடைக்குள்ள தொவையல். மகளுக்கும் மாப்ளைக்கும் ஒண்ணும் தெரியாது. அந்த மதினிக்குச் சத்தியமா ஒண்ணும் தெரியாது. என்னைய வேணா புடிச்சு வச்சுக்கங்க!”

திரை துணிதானே, சுவர் இல்லையே. வெளியே இரண்டு வரிசையும் திரையைப் பார்த்துத் திரும்பியது.

காவல்காரம்மா கருவியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு என் தாலிக்கொடியை விரலால் தூக்கிக் காட்டினார். அதில் பதினோரு ஊக்கு தொங்கியது. (வீட்டில் யாருக்கு எது கிழிந்தாலும் என் கழுத்தில்தானே கை வைப்பார்கள்.)

“நான் இந்த ஊக்கத்தான்க்கா கேட்டேன்” என்றார்.

அதற்கப்புறம் விட முடியுமா? காதால் கேட்டாகிவிட்டதே. செந்தில் ஒவ்வொரு முட்டையாக எடுத்து மேசையில் வைக்க, வரிசையில் யாரோ எண்ணினார்கள். வீட்டுக்காரர் முறுக்கை எடுக்க முதல் வேட்டியை ஒதுக்கி, இரண்டாவது வேட்டியை ஒதுக்கியதைப் பார்த்து ஒரு பிள்ளை கைதட்டியது. நான் திரைக்குள் பொட்டலங்களை அவிழ்த்து, பழைய இடுப்போடு வெளியே வந்தேன்.

மாப்பிள்ளை பையைப் பிடித்தபடி நின்றார். “அத்தே... ஒரே பைன்னுதான சொன்னேன்?”

“ஒரே பைதான மாப்ளை” என்றார் வீட்டுக்காரர். “உங்க அத்த வேற பையே எடுத்துட்டு வரலையே.”

யாரும் சிரிக்கவில்லை. செல்வி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி அம்மா மேசைக்கு வந்தார். பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். போச்சு, இனி மகளுக்கு இதுதான் தாலாட்டு என்று நினைத்தேன்.

“நம்ம ஆறு பேருதான? எட்டு இருக்கு?”

“கொறஞ்சிறக் கூடாதுன்னு...” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் எட்டாவது பொட்டலத்தை மட்டும் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு காவல்காரம்மாவிடம் திரும்பி, “சாப்பாடு உள்ள போகக் கூடாது, சரி. வயித்துக்குள்ள போனா விடுவீகளா?” என்றார்.

“அத எந்த மிசினும் கண்டுபிடிக்காதுக்கா” என்றார் அவர்.

வண்டிகள் நிற்கிற இடத்தின் ஓரமாக ஒரு வேப்பமரம் இருந்தது. காலை பத்தரை மணிக்கு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டோம். குடையைச் சம்பந்தி அம்மாவே விரித்தார்; துவையல் அவர் மடியிலேயே வந்து விழுந்தது. “வெயிலே இல்லைன்னப்பவே நெனச்சேன்” என்று தொட்டு நக்கினார். ஒரு பொட்டலம் முடிந்ததும் முட்டையோடு செந்தில் பங்கிலும் கை வைத்தார். ஏழாவது பொட்டலத்தைக் காவல்காரம்மாவிடம் கொடுத்தோம். எட்டாவதைச் சம்பந்தி அம்மா கையில் எடுத்துக்கொண்டார்.

“இத உங்க மேசையில வச்சிருங்கம்மா, சாயங்காலம் வாங்கிக்கிறேன்” என்றார் காவல்காரம்மாவிடம். பிறகு செல்வியிடம், “எங்க நாத்தனாருக்குக் குடுக்கணும். கல்யாணத்துலருந்து அவ பொட்டலம் பாக்கி நிக்கிது” என்றார்.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் ஊக்குகளைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். (அந்தச் சோற்றோடு உள்ளே போய்க் கப்பல் ராட்டினத்தில் ஏறிய என் வீட்டுக்காரர் முறுக்கை என்ன செய்தார் என்பதை எழுத வேண்டாம் என்று இன்னும் கெஞ்சுகிறார்.)

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கட்டுச்சோற்றுப் பேச்சு எழவில்லை. பதிலாக என் பேச்சு எழுந்தது. யாராவது கேட்பதற்கு முன்னாலேயே தப்பை ஒத்துக்கொண்டால் எங்கள் இரண்டு வீட்டிலும், “ஊக்கத்தான்க்கா கேட்டேன்” என்பார்கள். பேரன் பேத்திகளில் ஒருவர் மார்க் அட்டையைத் தானாக நீட்டினால் மற்றவர்கள்கூட இதைத்தான் சொல்கிறார்கள், எதற்கென்று முழுசாகத் தெரியாமலே.

இப்போது எங்கே போனாலும் வாசலில் கருவி இருக்கிறது. போன மாதம் பெரிய கோயில் வாசலில் ஒரு சின்னப் பெண் போலீஸ் என்னைச் சோதிக்க வந்தது. பின்னால் சம்பந்தி அம்மா, “மதினி, வாயத் தொறக்காதீக” என்று முதுகில் இடித்தார். எனக்குத்தான் பொறுக்காதே.

“ஊக்குதாம்மா” என்றேன் முந்திக்கொண்டு. “இன்னைக்கு வேற ஒண்ணும் இல்ல.”

அந்தப் பெண் கருவியைக் கீழே இறக்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது.

“இன்னைக்கு இல்லையா? அப்ப மத்த நாளு?”