கீறல் இல்லாத மோகினி

கதாநாயகனின் மீசையைக் காணோம்.

சரவணக்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். கம்ப்யூட்டர் திரையில் கதாநாயகன் வாளை உருவிக்கொண்டு நின்றான். மூக்கு இருந்தது, உதடு இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

"ஸ்வாதி, இங்க கொஞ்சம் வாயேன்!"

மனைவி தோசைத் திருப்பியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "யாருங்க இது, ஹீரோயினுக்குத் தம்பியா?"

"ஹீரோடி!"

"நேத்து மீசை இருந்துச்சே?"

"அதான் கேக்கறேன். நீ எதையாவது தொட்டியா?"

"அந்த ஆளோட மீசையை நான் எதுக்குங்க தொடப் போறேன்?"

அவள் மேல் தப்பில்லை. பழைய படங்களில் விழுந்திருக்கும் கீறல்களைத் தானே தேடித் துடைக்கிற மென்பொருள் ஒன்றை முந்தின நாள்தான் ஓட விட்டிருந்தான். கதாநாயகனுக்கோ பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிய மீசை. அதுவும் கீறல்தான் என்று மென்பொருள் துடைத்துவிட்டது. போகிற போக்கில் கதாநாயகியின் மூக்குத்தியையும் தூசி என்று எடுத்துவிட்டது.

"பழசை எடுத்துப் போட்டுக்க வேண்டியதுதானே?" என்றாள் ஸ்வாதி.

சரவணக்குமார் தலையில் அடித்துக்கொண்டான். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று பழசை அழித்துவிட்டுத்தான் மென்பொருளை ஓட விட்டிருந்தான்.

படத்தின் பெயர் 'பாழ்கிணற்று மோகினி'. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வந்து, ஒரு வாரம்கூட ஓடாமல் காணாமல் போன கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம். அதற்கு இன்றைக்கு இணையத்தில் ரசிகர் மன்றம் இருக்கிறது. மன்றத்தில் ஒருவர்கூடப் படத்தைப் பார்த்ததில்லை. அதனால் சண்டையே வராது, எல்லாரும் உயர்வாகத்தான் பேசுவார்கள். அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சரவணக்குமார் அதன் தலைவன்.

பூந்தமல்லியில் கல்யாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடும் கலீலுல்லா பாயின் பரணில், பிரியாணி தேக்சாவுக்குள் இருந்து அந்தச் சுருள்கள் கிடைத்தன.

"எங்க அத்தா டூரிங் டாக்கீஸ் வெச்சிருந்தாரு, அதுல மிஞ்சினது" என்றார் பாய். "எடுத்துகினு போ தம்பி. தேக்சாவை மட்டும் குடுத்துட்டுப் போ, முகூர்த்தம் வருது."

மேனாம்பேட்டில் தன் பிளாட்டில் பிலிம் டப்பாவைத் திறந்ததுமே குப்பென்று புளித்த நாற்றம். கெட்டுப்போன பிலிம் அப்படித்தான் நாறும். கீழ்வீட்டில் ஊறுகாய் ஜாடியை எல்லாம் திறந்து முகர்ந்து பார்த்தார்கள். ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து, கட்டம் கட்டமாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றி வாங்கினான். மாற்றி முடித்த கையோடு பிலிம் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கிப்போயிற்று. இனி உலகத்தில் மோகினி இருப்பது அவன் கம்ப்யூட்டரில் மட்டும்தான்.

அதைவிடப் பெரிய பயம் காட்டுப்பாக்கத்தில் இருந்தது. படத்தை எடுத்த பரந்தாமன் அங்கேதான் இருந்தார். எண்பதைத் தாண்டியவர். அந்த ஒரு படத்தை எடுத்து, ஊரே சிரித்து, அப்புறம் கேமரா இருந்த தெருப்பக்கம்கூடப் போகாதவர். சேதி சொல்லப் போனபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"ஒரே பிரிண்ட்தான் நைனா போட்டோம். அது போனதோட நானும் போய்ட்டேன்னு நெனச்சேன். கண்ணை மூடறதுக்குள்ள ஒரு தபா பாத்துட்டா போதும். ஆனா ஒண்ணு. எப்டி எடுத்தனோ அப்டியே காட்டு. இன்னாத்தையும் சேக்காதே, இன்னாத்தையும் எடுக்காதே."

"சத்தியமா ஐயா!" என்று கையில் அடித்தான் சரவணக்குமார்.

காபி கொண்டுவந்த அவர் மனைவி பார்வதம்மாள் முகத்தைச் சுளித்தாள். "நல்லா தேடிக் கண்டுபுட்ச்சே போ. அந்தப் படத்தாலதான் என் கண்ணே பூட்ச்சு."

"நீ சும்மா இரு, பார்வதம்."

படம் போட நாள் குறித்து, மன்றத்தில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. இந்த நேரத்தில்தான் மீசை போயிற்று.

"கையாலயே வரைஞ்சுடலாம். கண்ணுக்கு மை தீட்டறவதானே நான்" என்றாள் ஸ்வாதி.

வரைந்தாள். நாளாக ஆக அவளுக்குக் கை வலித்தது, மீசை தடித்தது. காதல் பாட்டில் நூலாக இருந்தது, வாள் சண்டையில் கம்பளிப்பூச்சி ஆயிற்று. அலுத்துப்போய், ஒரே மீசையை வெட்டி எல்லாக் கட்டத்திலும் ஒட்டினாள். கதாநாயகன் குனிந்தான். மீசை குனியாமல் அந்தரத்தில் நின்றது.

சரவணக்குமார் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டான். அப்படியும் ஆபீஸ் மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். அவசரத்தில் வேறு எதையோ அழுத்த, அவன் திரை அத்தனை பேருக்கும் தெரிந்தது. "யாரது, டீமுக்குப் புதுசா?" என்று கேட்டார் மேனேஜர்.

மீசை ஒருவழியாக உதட்டுக்கு மேலே உட்கார்ந்தது. அப்போதுதான் மென்பொருளுக்கும் தப்பிய ஒரு கீறல் கண்ணில் பட்டது. கிணற்றடியில் மட்டும் வருகிற வெள்ளைப் பிசிறு. மற்றக் கீறல்கள் மழை மாதிரி நேராக இறங்கும். இது நெளிந்து நெளிந்து எரிச்சல் மூட்டியது.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமேங்க" என்றாள் ஸ்வாதி.

"அவ்வளவு பெரியவர் முன்னாடி அழுக்குப் படத்தையா போடச் சொல்றே?"

கட்டத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் துடைத்தான். கீறலோடு பின்னால் இருந்த செங்கல்லும் போயிற்று. செங்கல் வரைந்தான். கிணறு நேற்றுக் கட்டின மாதிரி ஆயிற்று. சுற்றிலும் இருட்டாக்கினான். கதாநாயகிக்கு ஒரு கை மறைந்தது. கையை வரைந்தான். அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கனவிலும் கீறல், செங்கல், கீறல், செங்கல். கடைசிப் பிசிறையும் துடைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தபோது நிஜமாகவே காய்ச்சல் வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில், பாய் ஏற்பாடு செய்த சாப்பாட்டு ஹாலில் படம். ரசிகர்கள் நிறைந்துவிட்டார்கள். பரந்தாமன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் பார்வதம்மாள், மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டு. சரவணக்குமார் சுவரோரம் நின்றான்.

படம் பளிங்கு மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை.

கலீலுல்லா பாய் மெதுவாக அவன் பக்கம் சாய்ந்தார். "தம்பி, ஹீரோ மீசை பாட்டுல ஒரு சைசு, பைட்டுல ஒரு சைசா கீதே?"

"அந்தக் காலத்து மேக்கப் பாய், அப்படித்தான்" என்றான்.

கிணற்றடிக் காட்சி வந்தது. கதாநாயகி வெற்றிடத்தைப் பார்த்து, "அதோ! அதோ வருகிறாள்!" என்று அலறினாள். கதாநாயகன் வெறும் காற்றை வெட்டு வெட்டென்று வெட்டினான். அப்புறம் ஒன்றுமே இல்லாத இடத்தைக் கையெடுத்துக் கும்பிட்டான். ஹாலில் மூச்சுச் சத்தம் இல்லை. போச்சு, சிரிக்கப் போகிறார்கள் என்று சரவணக்குமார் கண்ணை மூடிக்கொண்டான்.

காதில் விழுந்தது கைதட்டல்.

"பேயைக் காட்டவே இல்ல பாரு மச்சான்!" என்று ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான். "பேய் நம்ம மனசுலதான்னு அப்பவே சொல்லியிருக்கார்யா!"

விளக்குப் போட்டார்கள். ஹாலே எழுந்து நின்றது. பரந்தாமனின் கன்னம் நனைந்திருந்தது. சரவணக்குமார் அவர் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, உங்க படம்... சரியா இருந்துச்சுங்களா?"

"கண்ணுல புரை, நைனா. நெழலு நெழலாத்தான் தெர்து. ஆனா கை தட்னாங்களே, அது நல்லாக் கேட்டுச்சு." அவன் கன்னத்தைத் தடவினார். "என் படந்தான்."

இத்தனை நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை அன்றைக்குத்தான் விட்டான் சரவணக்குமார். ரசிகர்கள் பெரியவரைச் சூழ்ந்துகொண்டு செல்போனில் படம் எடுத்தார்கள்.

அப்போது யாரோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். பார்வதம்மாள். புருஷன் காதில் விழாதபடி அவனைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனாள்.

"படம் பளிச்சுனு கீது, கண்ணு. ஆனா மோகினியா நடிக்க வேண்டிய பொண்ணு பாதியில ஓடிப்பூட்டான்னு இவரு அயுதுகினு இருந்தப்போ, ராப்பகலா குந்திகினு பிலிம்ல ஒவ்வொரு கட்டமா ஊக்கால மோகினியைக் கீறுனது நாந்தான். அவளை எங்கப்பா காணோம்?"