வளையாத மீசை

மீசை மறுபடியும் நேராகவே போனது.

காவ்யா கணினியில் வரைகிற பேனாவை வளைத்துத்தான் இழுத்தாள். ஆனால் கணினித் திரையில் இருந்த கிழவரின் மூக்குக்குக் கீழே வளைவு வரவில்லை. இடது காதைப் பார்த்து, தண்டவாளம் மாதிரி ஒரு கோடு ஓடியது.

"நைனா, இந்தப் பேனாவுக்கு இன்னாவோ ஆயிடுச்சு."

"பேனா மேல பழி போடாதே. உங்கண்ணன் சாய்குமார் அமெரிக்காவிலேருந்து அனுப்பினது அது," என்றார் அவள் அப்பா வெங்கடரமணன்.

அவர் எதிரில் நாற்காலியில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தார். அவர் குடும்பத்தில் யாரும் எதிலும் சாய்ந்து உட்கார்ந்ததில்லை என்பது அவருடைய கட்சி. வலது கை மட்டும், முறிந்த எலும்புக்குப் போட்ட புத்தூர்க் கட்டுடன், கழுத்திலிருந்து தொங்கும் துணியில் சாய்ந்திருந்தது. ரேணிகுண்டா சாலையில் மொபெட் விழுந்துவிட்டது. இவரும் கூடவே போக வேண்டியதாயிற்று. தான் விழுந்ததாக அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காவ்யாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். தடாவில் பெரிய வீடு. மாப்பிள்ளை பெங்களூரில் வேலை. அடுத்த வருஷம் வெளிநாடு. தரகர் துலுக்காணம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் குண்டைப் போட்டார்.

"மாப்பிள்ளையோட தாத்தா படம் ஒண்ணு ஹால்ல மாட்டிக்கீறாங்க பாரு, ஆளு உசரத்துக்கு. தலைப்பா, மீசை, கையில தடி. ராஜா மாதிரி. உங்க வீட்ல பெரியவர் படம் எங்க?"

"ஃப்ரேம் மாத்தக் குடுத்திருக்குது," என்றார் வெங்கடரமணன், கண் இமைக்காமல்.

அப்படி ஒரு படமே கிடையாது. அவர் அப்பா முனிரத்தினம் ஆயுளில் ஒரு கேமரா முன்னால் நின்றதில்லை. கேமரா வைத்திருந்தவர்கள் அவரை நிற்கச் சொன்னதும் இல்லை. இன்றைக்கு நிலம் இருக்கிறது, மாடி இருக்கிறது, மாடியில் ஏசி இருக்கிறது. வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் சாய்குமார் அமெரிக்காவிலிருந்து அனுப்பிவிட்டான். தாத்தாவை மட்டும் அனுப்ப முடியவில்லை.

அதனால்தான் மகளைக் கூப்பிட்டார். காவ்யா திருப்பதியில் ஃபிளெக்ஸ் பேனரும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கிற கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னபோது அவள் அதிர்ச்சியாவாள் என்று எதிர்பார்த்தார்.

"எவ்ளோ பெருசு வேணும் நைனா? தலைப்பாவா, ஜரிகைத் துண்டா? கைத்தடி வேணுமா?" என்று கேட்டாள்.

மகளின் புத்தி சூட்டிகையை அவர் மெச்சிக்கொண்டார்.

"என்னைப் பார்த்து வரை. எங்க நைனாவும் நானும் ஒரே ஜாடை. ஆனா இது வெளியில போச்சுன்னா குடும்ப மானமே போயிடும், ஜாக்கிரதை. அந்தத் தடாக்காரங்க காதுல விழுந்தா வாசல்லேருந்தே திரும்பிப் போயிடுவாங்க."

"என் வாயிலேருந்து வராது நைனா."

முகம் நன்றாகத்தான் வந்தது. மீசைக்கு வந்ததும்தான் தகராறு. ஒவ்வொரு தடவை காவ்யா கீபோர்டைத் தொடும்போதும் கணினி 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டது.

"ஷிஃப்டைப் புடிச்சிக்கினு இழுத்தாத்தான் கோடு நேராப் போவும் நைனா. நான் விட்டுட்டேன். அது விட மாட்டேங்குது. ஆல்ட்டைத் தொட்டா இன்னும் மோசம். கலர் பூசறதுக்குப் பதிலா, தொட்ட எடத்துக் கலரை உறிஞ்சிக்குது. மீசைக்குக் கறுப்பு எடுத்தா மூக்குக் கலர் வருது. கீ எல்லாம் ஒட்டிக்கினே நிக்கிற மாதிரி இருக்குது."

ஒட்டிக்கினே நிக்கிற மாதிரி.

வெங்கடரமணன் சட்டென்று கீபோர்டைப் பார்த்தார். கட்டுப் போட்ட புதிதில் சாய்குமார் போனில் சொன்ன வார்த்தை அது.

"ஒத்தைக் கையால மெயில் அடிக்க வழி இருக்குது நைனா. கண்ட்ரோல் பேனல் போ. சக்கர நாற்காலி படம் ஒண்ணு இருக்கும். அதை அமுக்கு."

"நான் ஏன்டா அதை அமுக்கணும்? கால் ரெண்டும் கல்லு மாதிரி இருக்குது."

"கை முடியாதவங்களுக்கும் அதுலதான் வெச்சிருக்கான்."

"எனக்குக் கை முடியாம இல்ல. கட்டுல இருக்குது."

"சரி, கட்டுல இருக்கறவங்களுக்கு. அதைப் போட்டுக்கினா ரெண்டு கீயைச் சேர்த்து அமுக்க வேணாம். ஒண்ணை அமுக்கி விட்டாப் போதும், ஒட்டிக்கினே நிக்கும்."

வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அமுக்கினார். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. இந்த வம்சத்தில் சக்கர நாற்காலியை அமுக்கிய முதல் ஆள் என்ற பெயர் அவருக்கு வேண்டாம்.

இப்போது மகளிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"இன்னா நைனா?"

"தாத்தாவுக்கு மூக்கு இன்னும் கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும்," என்றார்.

அந்தச் சமயத்தில் அவர் மனைவி கன்னியம்மாள் கையில் எலுமிச்சம்பழத்துடன் உள்ளே வந்தாள்.

"காலையிலேருந்து பாக்கறேன். மாமா மூஞ்சில கோடு கோடா வருது. இது திருஷ்டிதான். தள்ளும்மா. நீ போய்க் காபி குடி."

காவ்யா எழுந்து சமையலறைக்குப் போனாள். கன்னியம்மாள் பழத்தைத் திரைக்கு மூன்று சுற்றுச் சுற்றி, கீபோர்டின் வலது ஓரத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். குலதெய்வத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு சாமியாகக் கூப்பிட்டாள். பழத்துக்கு அடியில் இருந்தது ஷிஃப்ட் கீ. திருத்தணி முருகனைக் கூப்பிடும்போது கணினி 'கூ' என்று கத்தியது.

"பாத்தீங்களா? கத்திக்கினு போவுது பாருங்க!"

திரையில் ஆங்கிலத்தில் ஏதோ கேள்வி வந்து நின்றது. 'ஓகே'யை அமுக்கினால் எந்தக் கேள்வியும் போய்விடும் என்பது வெங்கடரமணனின் அனுபவம். அமுக்கினார். போய்விட்டது.

காவ்யா திரும்பி வந்தபோது ஒட்டின கீ ஒட்டினபடியே இருந்தது. கூடவே புதிதாக இன்னொன்று சேர்ந்திருந்தது: சட்டென்று தட்டினால் எந்தக் கீயும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"போச்சு. தப்பை அழிக்கிற கீயும் வேலை செய்யல. இனிமே போட்ட கோடு போட்டதுதான். அம்மா, இன்னா பண்ணே?"

"சாமி கும்பிட்டேன்டி. அதுவும் தப்பா?"

வெங்கடரமணன் செல்போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் மோட்டார் கொட்டகைக்குப் போனார். தூக்கத்தில் இருந்த சாய்குமாரை எழுப்பினார்.

"டேய், அந்த நாற்காலியை எப்பிட்றா அணைக்கிறது?"

"எந்த நாற்காலி நைனா?"

"கத்தாதே. அதான்டா, நீ அமுக்கச் சொன்னது."

"கொடி போட்ட கீ இருக்கு பாரு, அதையும் யூவையும் அமுக்கு. எல்லாம் ஒரே எடத்துல வரும். ஒண்ணொண்ணா நிறுத்திடு."

மகளை மாடிக்குத் துணி எடுக்க அனுப்பிவிட்டு, அவர் கணினி முன் அமர்ந்தார். நிதானமாக அழுத்துகிற அவர் விரலுக்கு மட்டும் கீபோர்டு கட்டுப்பட்டது. கொடி. யூ.

உடனே கணினி பேச ஆரம்பித்தது. மூக்கடைத்த ஆண் குரலில், ஆங்கிலத்தில், திரையில் இருப்பதையெல்லாம் ஊருக்கே கேட்கும்படி படித்தது.

கன்னியம்மாள் கரண்டியுடன் ஓடி வந்தாள். "யாருங்க உள்ள?"

வெங்கடரமணன் ஒரு நொடி யோசித்தார். "சாய்குமார்தான். இப்பல்லாம் கம்ப்யூட்டர் வழியாத்தானே பேசறாங்க."

"என் புள்ள குரலா இது? இப்பிடி மூக்கடைச்சிருக்குது! ஏன் கண்ணு, தலைக்கு ஊத்திக்கினு ஈரத்தோட படுத்தியா?"

வெங்கடரமணன் பதற்றத்தில் எதையோ அமுக்கினார். "ஓகே பட்டன்," என்றது கணினி.

"ஆமான்றான் பாருங்க. வேளைக்குத் துன்றியாப்பா?"

"கேன்சல் பட்டன்."

"துன்னலையாம்!" கன்னியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாத்தையும் கேன்சல் பண்ணிட்டானாம். இவனை எதுக்குங்க அந்த ஊருக்கு அனுப்பினீங்க?"

மாடிப்படியில் காவ்யாவின் செருப்புச் சத்தம் கேட்டது. வெங்கடரமணன் குனிந்து மின்சார ஸ்விட்சையே அணைத்துவிட்டார்.

"லைன் கட் ஆயிடுச்சு," என்றார்.

மறுபடி போட்டபோது பேச்சு நின்றிருந்தது. மற்ற இரண்டும் அப்படியே இருந்தன. சனிக்கிழமை மத்தியானம் வரை காவ்யா மல்லுக்கு நின்றாள். தலைப்பாகை வந்துவிட்டது, தடி வந்துவிட்டது, பார்வையில் ஒரு மிடுக்கும் வந்துவிட்டது. மீசை மட்டும் ஒரு காதிலிருந்து இன்னொரு காது வரை, கதவுத் தாழ்ப்பாள் மாதிரி குறுக்கே கிடந்தது.

"கடை சிஸ்டத்துல இது ரெண்டு நிமிஷ வேலை நைனா. நான் பஸ்ல திருப்பதி போயிட்டு, வளைச்சு, பிரிண்ட் எடுத்துக்கினு வந்துடறேன்."

கன்னியம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "நாளைக்குப் பொண்ணு பாக்க வராங்க. இன்னைக்கு வெயில்ல பஸ்ல போயிக் கறுத்துப்புட்டு வருவியா? வாசப்படி தாண்டக் கூடாது."

சி.டி.யை எடுத்துக்கொண்டு வெங்கடரமணனே கிளம்பினார்.

"அங்க இந்திராணி அக்கான்னு இருப்பாங்க நைனா. மீசையை வளைக்கணும்னு சொல்லு. அவங்களுக்குத் தெரியும்."

அவரும் சொல்வதாகத்தான் போனார். பஸ்ஸில் இரண்டு தடவை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆனால் கடையில் கூட்டமாக இருந்தது. இந்திராணி படத்தைத் திறந்ததும், பத்திரிகை அடிக்க வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அத்தனை பேர் நடுவில், பெற்ற தகப்பன் மீசையை வளையுங்கள் என்று ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்?

"மீசம் இட்லேனா சார்? இப்பிடியே போட்டுடவா?" என்று கேட்டாள் இந்திராணி.

"அப்படியே போடும்மா. எங்க நைனா மீசை யார் முன்னாலயும் வளைஞ்சதில்ல."

ஆள் உயரத்துக்கு அச்சாகி, தங்க நிறச் சட்டத்துக்குள் போய், வாடகை வேனில் ஏறி, முனிரத்தினம் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் மகன் வீட்டுக்குள் வந்தார்.

காவ்யா படத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். "நைனா, மீசை?"

"இருக்கட்டும். பாக்கப் பாக்க நல்லா இருக்குது," என்றார். பொய்யில்லை. நாலு பேர் முன்னால் ஒரு தடவை சொன்ன பிறகு அவரே அதை நம்பத் தொடங்கியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தடாக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ரங்கையா பேச்சில் கெட்டிக்காரர்; பாதி தமிழ், பாதி தெலுங்கு. அவர் மனைவி தாட்சாயணி பேசாமல் வந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். துலுக்காணம் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார்.

ரங்கையாவின் கண் நேராகச் சுவருக்குப் போனது. வெங்கடரமணன் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க தகப்பனாருங்களா?"

"ஆமாங்க. அந்தக் காலத்துல மெட்ராஸ்லேருந்து ஆள் வந்து வரைஞ்சது."

"எங்களுதும் மெட்ராஸ் ஆளுதான்," என்றார் ரங்கையா சட்டென்று. படத்துக்குக் கிட்டே போய் அண்ணாந்து பார்த்தார். "மீசை... ஒரு மாதிரி..."

"வளையாத மீசைங்க. வெள்ளைக்காரத் துரை வந்தப்பகூட வளையல."

ரங்கையா தோளை நிமிர்த்தினார். "எங்க நாயனாவுது வளைஞ்ச மீசை. ரெண்டு பக்கமும் கொம்பு மாதிரி நிக்கும். அதைப் பாத்துத்தான் துரை குதிரையிலேருந்து எறங்கினாரு."

"எங்களுதைப் பாத்துத் துரை ஊருக்குள்ளயே வரலைங்க."

இரண்டு வம்சங்களும் ஒன்றையொன்று முறைத்தபடி நின்றன. துலுக்காணம் வாயிலிருந்த அதிரசத்தை அவசரமாக விழுங்கினார்.

"ஒண்ணு வளைஞ்சது, ஒண்ணு வளையாதது. இதைவிடப் பொருத்தம் வேற இன்னா வேணும்?"

ரங்கையா யோசித்தார். பிறகு சிரித்தார். வெங்கடரமணனின் நல்ல கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பாக உந்தி! ரொம்ப நல்லா இருக்குது! சம்பந்தம் பண்ணா இப்பிடிப் பழைய குடும்பத்துலதான் பண்ணணும். பொண்ணை வரச் சொல்லுங்க."

வெங்கடரமணன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரையும் அறியாமல் முதுகு சாய்ந்தது. பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டார். மானம் தப்பியது.

காவ்யா காபித் தட்டுடன் வந்தாள். குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டு வந்தவள், மாப்பிள்ளையிடம் வந்தபோது மட்டும் ஏனோ உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடியே சிரித்தான்.

அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத தாட்சாயணி டம்ளரை வாங்கிக்கொண்டு, படத்தை ஒரு தடவை பார்த்தாள், பெண்ணை ஒரு தடவை பார்த்தாள். மனத்தாங்கலோடு கேட்டாள்:

"ஏம்மா காவ்யா, எங்க மாமனாருக்கு அவ்ளோ அழகா வளைச்சு மீசை வரைஞ்சு குடுத்தியே, சொந்தத் தாத்தாவுக்கு ஏம்மா இப்பிடி ஸ்கேல் வெச்சு இழுத்துட்டே?"