அத்தை வீட்டில் ஐந்து நாய்கள்

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணன் அவர்களுக்கு,

தம்பியின் பணிவான வணக்கங்கள். அண்ணிக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். தங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்றும், பிள்ளைகள் ஒழுங்காகப் படிக்கிறார்கள் என்றும் நம்புகிறேன். இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பயத்தில் அந்தச் சொல்லே மூன்று முறை கோணிக்கொண்டுவிட்டதால், அதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படிக்கவும். படித்ததும் கிழித்துவிடவும். கிழித்த துண்டுகளை ஒரே குப்பைத் தொட்டியில் போட வேண்டாம்.

நான் நகராட்சி சுகாதாரப் பிரிவில் எழுத்தராக இருப்பது தங்களுக்குத் தெரியும். பிறப்பையும் இறப்பையும் பதிவது என் வேலை. பிறந்ததும் என்னைக் கடிக்காது, இறந்ததும் கடிக்காது என்று இருபத்திரண்டு வருஷம் அந்த நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். யார் கண் பட்டதோ, இரண்டு மாதத்துக்கு முன் வீட்டுப் பிராணிகள் விதிகள் என்று ஒரு சின்னப் புத்தகம் அச்சாகி வந்தது. ஒரு வீட்டில் இரண்டு நாய்க்கு மேல் கூடாது, கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும், பூனை அடுத்த வீட்டுச் சுவரில் நடந்தால் பூனைக்காரர் பொறுப்பு, சேவல் விடிவதற்கு முன் கூவக் கூடாது என்று மொத்தம் முப்பத்தொரு விதிகள். சேவலிடம் இதை யார் போய்ச் சொல்வது என்பது விதியில் இல்லை. ஆனால் வீடு வீடாகப் போய்ப் பிராணிகளை எண்ணுவது யார் என்பது கடைசிப் பக்கத்தில் இருந்தது. எட்டுப் பேர் பட்டியல், ஆறாவது பெயர் உங்கள் தம்பி.

நாய் என்றால் எனக்கு எப்படி என்பதைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, சின்ன வயதில் என்னை முதுகில் சுமந்துகொண்டு தெருவைத் தாண்டியவர் தாங்கள். முதல் நாளே தையல்காரர் வீட்டில் ஒரு நாய் மேசைக்கு அடியிலிருந்து பாய்ந்து வந்தது. அடுத்து எனக்கு நினைவு வந்தபோது நான் அவருடைய வெட்டுமேசை மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன், அவர் என்னைச் சுற்றித் துணியை வெட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் பண்ணாது என்று அவர் சொன்னது நாயைத் தேற்றும் குரலாக இருந்ததே தவிர என்னைத் தேற்றும் குரலாக இல்லை. அன்றைக்கு ராஜினாமாக் கடிதம்கூட எழுதினேன், அதைக் கொடுக்க அதிகாரியின் அறைக்குள் போக வேண்டுமே என்ற பயத்தில் கொடுக்கவில்லை. அப்புறம்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கேட்டுக்கு வெளியிலேயே நின்று குடை நுனியால் தாழ்ப்பாளை ஆட்டுவது, உள்ளே எத்தனை விதமாகக் குரைக்கிறது என்று காதால் எண்ணுவது, தடித்த குரல் ஒன்று, கீச்சுக்குரல் ஒன்று, ஆக இரண்டு என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்வது. பூனைக்குப் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் போதும், கேட்டதற்கு மேலேயே சொல்வார். ஒரு நாளைக்கு அறுபது வீடு முடித்தேன். அதிகாரி எல்லோரையும் கூட்டிவைத்து என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார். அந்த மனுஷர் என்னைப் பாராட்டின அன்றே எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஏனென்றால் என் பங்கில்தான் அத்தை வீடும் இருந்தது. மாமா போனதிலிருந்து தெருவின் கடைசி வீட்டில் அத்தை தனியாக இருப்பதும், துணைக்கு அந்தச் செம்பட்டை நாய் இருப்பதும், அந்த நாய் ஊரில் எல்லோரிடமும் வாலை ஆட்டிவிட்டு என்னைக் கண்டால் மட்டும் பல்லைக் காட்டுவதும் தாங்கள் அறிந்ததே. நாலு வருஷமாக நான் அந்த வீட்டுக்குள் போனதில்லை. இடுப்புப் பிடிப்பு, ஆபீஸ் தணிக்கை, மழை என்று மாற்றி மாற்றிச் சொல்லிவந்தேன், உண்மைக் காரணம் அந்த நாய்தான் என்பதை இன்று தங்களிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். என் வீட்டுக்காரியும் போவதில்லை. ஒரு பாத்திர மூடி விஷயமாக அவளுக்கும் அத்தைக்கும் பேச்சு நின்று வெகுநாள் ஆகிறது. மாதாமாதம் அத்தையின் மாத்திரைகளை வாங்கி, ஒரு பையில் போட்டு, கேட்டில் மாட்டிவிட்டு, தெருமுனைக்கு வந்து போன் செய்வேன். மாட்டியாச்சு அத்தை என்பேன். சரி என்பாள். அவ்வளவுதான் நாங்கள் பேசிக்கொள்வது.

கணக்கெடுக்கப் போன அன்று தொப்பியும் முகமூடியும் போட்டுக்கொண்டு, கணக்குப் புத்தகத்தை நெஞ்சில் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நின்று தாழ்ப்பாளை ஆட்டினேன். ஒரு குரல் வந்தது. சரி, நம்ம செம்பட்டை என்று நினைத்தேன். உடனே அதைவிடத் தடித்ததாக இன்னொன்று, பிறகு குட்டி மாதிரி ஒன்று, அப்புறம் ஊளையிடுகிற ஒன்று, கடைசியாகப் பாதாளத்திலிருந்து வருகிற மாதிரி ஒரு குரல் வந்தது பாருங்கள், நான் நடுத்தெருவுக்கே பின்வாங்கிவிட்டேன். அத்தை தெருநாய்களை எல்லாம் சேர்த்துக்கொண்டுவிட்டாள் என்று முடிவு செய்து, ஐந்து என்று எழுதினேன். ஒன்று என்று எழுதியிருக்கலாம். ஆனால் தடுப்பு மருந்து எத்தனை வாங்குவது என்று பார்க்கத்தான் இந்தக் கணக்கு என்று அதிகாரி சொல்லியிருந்தார். அத்தை வீட்டு நாய்களுக்கு மருந்து குறையக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், அண்ணா, கொட்டை எழுத்தில் ஐந்து போட்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை இடி விழுந்தது. கணக்கில் இரண்டுக்கு மேல் இருக்கிற வீடுகளுக்கு வருகிற வியாழக்கிழமை வண்டி போகிறதாம், மிச்ச நாய்களைப் பிடித்து ஊருக்கு வெளியே கொண்டுபோகிறார்களாம். ஏழு வீடுகள், முதல் வீடு அத்தையுடையது, மூன்று நாய்களைப் பிடிக்க வேண்டும் என்று என் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே குறித்திருக்கிறார்கள். கணக்கில் இருக்கிற நாயைக் காட்டாவிட்டால் மறைத்த குற்றம், அது பத்தொன்பதாம் விதி. உறவினர் வீடு என்று முன்கூட்டிச் சொல்லாமல் கணக்கெடுத்தவருக்கு வேலை போகும், அது இருபத்தேழு. பயந்து பயந்து அத்தைக்குப் போன் போட்டு, வீட்டில் மொத்தம் எத்தனை நாய் என்று கேட்டேன். "ஒண்ணு இருந்தா என்ன, ஒம்பது இருந்தா என்ன, நீ கேட்டுக்கு வெளியில நிக்கிறவன்தானே" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

என் வேலை போவதைப் பற்றிக்கூட நான் இத்தனை பயப்படவில்லை. வண்டிக்காரர்கள் கைக்கு முதலில் எது அகப்படுகிறதோ அதைத்தான் பிடிப்பார்கள். செம்பட்டைக்கு வயதாகிவிட்டது, என்னைத் தவிர யார் கூப்பிட்டாலும் போகிற நாய் அது, முதலில் அதுதான் வண்டியில் ஏறும். இத்தனை வருஷம் அத்தைக்குத் துணையாக இருந்த ஜீவனை என் கையெழுத்து கொண்டுபோய்விடும். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆகவே தாங்கள் தயவுசெய்து புதன்கிழமைக்குள் காரை எடுத்துக்கொண்டு வந்து, அந்த நாலு புதுநாய்களையும் ஏற்றிக்கொண்டு போய் எங்கேயாவது வளர்த்துக்கொள்ளவும். நம் குடும்பத்தில் நாயைக் கையால் தொட்டவர் தாங்கள் ஒருவர்தான். என் பெயர் மட்டும் வெளியே வர வேண்டாம்.

அண்ணிக்கு நமஸ்காரமும் பிள்ளைகளுக்கு ஆசியும். பயம் என்பதே அறியாமல் எல்லோரும் நீடூழி வாழ்க, எனக்கும் சேர்த்து.

தங்கள் முதுகை இன்னும் மறக்காத,
தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். கார் வேண்டாம். தபாலில் போடப் பயந்து இந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். இன்று புதன்கிழமை, உறையைப் பிரித்து மீதியை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை அதிகாரி விதிப் புத்தகத்தை மறுபடி புரட்டி, வேறொருவர் போய் இன்னொரு முறை எண்ணின பிறகுதான் வண்டி போகலாம் என்று கண்டுபிடித்தார். அத்தை வீட்டுக்குப் புதன்கிழமை போகும்படி எங்கள் பிரிவுக் கணக்கருக்கு உத்தரவாயிற்று. அவர் வருவதற்குள் நானே உள்ளே போய் எண்ணிப் பார்த்துவிட வேண்டும், வேறு வழியில்லாமல் நேற்று இரண்டு கெண்டைக்காலிலும் செய்தித்தாளைச் சுற்றிச் சணல் கட்டிக்கொண்டு, குடையோடு அத்தை வீட்டுக்குப் போனேன். தாழ்ப்பாளைத் தொட்டதும் ஐந்து குரலும் வரிசையாகக் கிளம்பின. கண்ணை மூடிக்கொண்டு, அத்தை, நான்தான் வந்திருக்கேன் என்று கத்தினேன். ஐந்தும் ஒரே நேரத்தில் நின்றன. ஐந்து நாய்கள் அப்படி நிற்குமா அண்ணா? கதவு திறந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு அத்தை நின்றாள். முகத்தைச் சுற்றி வட்டமாக வாளி விளிம்பின் அச்சு.

"நாய் செத்து ஒன்றரை வருஷம் ஆச்சுடா," என்றாள். "தனியா ஒருத்தி இருக்கான்னு தெரிஞ்சா எவன் எவனோ வருவான். எனக்குப் பயமா இருந்துச்சு."

பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லையாம். தபால்காரருக்கு ஒரு குரல் குரைப்பாளாம், மீட்டர் பார்க்கிறவருக்கு இரண்டு. அன்றைக்குத் தொப்பியும் முகமூடியுமாக ஒருவன் உள்ளே வராமல் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றதால், திருடனேதான் என்று ஐந்தையும் அவிழ்த்துவிட்டிருக்கிறாள். பாதாளக் குரல் வாளிக்குள்ளிருந்து வந்ததாம். நான் அவள் காலடியில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். நாலு வருஷம் மாத்திரையைக் கேட்டில் மாட்டிவிட்டு ஓடிவந்தவன் நான். அதில் ஒன்றரை வருஷம் உள்ளே நாயே இல்லை, அத்தைதான் என்னைவிடப் பயந்துபோய் நின்றிருக்கிறாள். "ஒரு தடவை உள்ள வந்திருந்தா உனக்காவது தெரிஞ்சிருக்கும்," என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

உண்மையைச் சொல்லி, நாய் இல்லை என்று எழுதிவிடலாம் என்றேன். அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. கணக்கைக் கதவு எண்ணோடு ஆபீஸ் பலகையில் ஒட்டுவார்களே, ஊரில் எவன் வேண்டுமானாலும் படிப்பானே என்றாள். விதிப்படி எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டாள். இரண்டு என்றேன். கொஞ்ச நேரம் என்னையே ஏற இறங்கப் பார்த்தாள். எனக்கு அப்போதே பயம் பிடித்துவிட்டது. நேற்று முழுக்க என்னை உட்காரவைத்துப் பழக்கினாள். முதலில் தவளை மாதிரி இருக்கிறது என்றாள், சாயங்காலம் பரவாயில்லை என்றாள்.

இன்று காலை கணக்கர் வந்தார். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தோம். கேட்டுப் பக்கமே வரவில்லை அண்ணா, எதிர்ப்பக்கம் மரத்தடியில் நின்று ஒரு சின்னக் கல்லைக் கேட்டின் மேல் எறிந்துவிட்டுக் காதைக் கொடுத்தார். அத்தை வாளியோடு ஒன்று, நான் வெறும் வாயோடு ஒன்று. மனுஷர் எழுதிக்கொண்டு, திரும்பிப் பார்த்துப் பார்த்து வேகமாக நடந்துபோய்விட்டார். என்னைக் கண்டு ஒருவர் ஓடியது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை. மத்தியானமே பட்டியலிலிருந்து அத்தை வீட்டை நீக்கிவிட்டார்கள், வண்டி வராது. பதிவேட்டில் இப்போது அந்த வீட்டில் இரண்டு நாய்கள் இருக்கின்றன, பெரியது அத்தை, சின்னது உங்கள் தம்பி. இதை அண்ணியிடம்கூடச் சொல்ல வேண்டாம். அத்தையோடு போனில் பேசினால் நாய் எப்படி இருக்கிறது என்று வழக்கம்போலக் கேட்கவும். நான் இனி தினமும் சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

இதைப் பாதி எழுதியிருக்கும்போது ஆபீஸில் ஒரு நோட்டீஸைக் கொடுத்து அந்த வீட்டில் சேர்க்கச் சொன்னார்கள், மீதியை அத்தை வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை தடுப்பூசி முகாமாம், வீட்டில் உள்ள இரண்டு நாய்களையும் கயிறு கட்டி அழைத்து வர வேண்டுமாம். படித்துவிட்டு அத்தை சிரிக்கிறாள். எனக்கு ஊசி என்றாலும் பயம் என்பது தங்களுக்குத் தெரியும்.