காஸ்பாபு கிரீனில் பந்தல் கிடையாது

கொல்கத்தாவில் துர்கா தேவியையே “கொஞ்சம் தள்ளி நில்லுங்க தாயே” என்று சொன்ன ஒரே மனிதர் எங்கள் காஸ்பாபுதான்.

காஸ் என்றால் வங்காளத்தில் புல். பெஹாலா பக்கம் நான் வேலை பார்க்கும் கோல்ஃப் கிளப்பில் கிரீன்கள் அவர் பொறுப்பு. கிரீன் என்பது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை. பந்தை மெதுவாகத் தட்டிக் குழியில் போடும் இடம். காஸ்பாபுவுக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சி. பெற்றோர் வைத்த பெயரை மொத்தக் கிளப்பும் மறந்துவிட்டது.

விடிந்ததும் நீண்ட மூங்கில் கழியால் புல்மேல் படிந்த பனியைத் தட்டிவிடுவார். பிறகு கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு மேடுபள்ளம் பார்ப்பார். அவர் மட்டும் வெறுங்காலோடுதான் கிரீனில் ஏறுவார். ஷூவோடு வரும் உறுப்பினர்களைப் பார்க்கும் பார்வையில் கொலைவெறி தெரியும். ராத்திரியில் நரி நடந்த தடம் இருந்தால் மட்டும் மன்னித்துவிடுவார். “அது ஷூ போடறதில்லீங்களே” என்பார்.

மீன் கடையில் வங்காளத்தில் பேரம் பேசி ஜெயிக்கிற ஆள். ஆனால் சண்டை மட்டும் தமிழில்தான் போடுவார்.

“வங்காளத்துல திட்டுனா திட்டாட்டமே இல்லீங்க தம்பி. ரசகுல்லா சாப்பிடுங்கன்னு சொல்றாப்ல இருக்குது.”

கிளப்பில் தமிழ் தெரிந்த இன்னொரு ஆள் நான்தான் என்பதால் மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. ஒருமுறை, தோற்ற ஆத்திரத்தில் ஓர் உறுப்பினர் மட்டையால் கிரீனில் ஓங்கி அடித்துவிட்டார்.

“இந்தாளு கையில குச்சியைக் குடுத்தவனை மொதல்ல ஜெயில்ல போடோணுங்க” என்றார் காஸ்பாபு.

“அடுத்த தடவை கவனமாக இருக்கச் சொல்கிறார்” என்றேன் வங்காளத்தில்.

“அதற்கா இவ்வளவு நேரம்?”

“தமிழ் கொஞ்சம் நீளமான பாஷை, தாதா” என்றேன். தாதா என்றால் அங்கே அண்ணன்.

இப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பூஜா சமயத்தில் கிளப் தலைவர் புதிதாக ஒன்று கண்டுபிடித்தார். கிளப் வாசலுக்கு எதிரே இருக்கும் பயிற்சி கிரீன் நல்ல சமதரை. துர்கா பூஜா பந்தலை அங்கேயே போடலாம் என்றார். மழைக்காலம் முழுக்கப் பூஞ்சை அரித்து, காஸ்பாபு பிள்ளை வளர்ப்பதுபோல் மீட்டெடுத்த கிரீன் அது.

மூங்கில் லாரி வந்து நின்றபோது கிரீனின் நட்டநடுவில் காஸ்பாபு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். “குழி தோண்டறதுன்னா என்ர தொடையில தோண்டட்டுங்க” என்றார். பந்தல்காரர்கள் நிழலில் ஒதுங்கி டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

தலைவர் முகம் சிவக்க வந்தார். “வேலை வேண்டுமா, புல் வேண்டுமா? கேள் அவரிடம்” என்றார் என்னிடம். காஸ்பாபுவுக்கு வாடகை வீடு, காலேஜில் படிக்கும் மகள்.

காஸ்பாபு எழுந்திருக்கவே இல்லை.

“இப்பத்தானுங்க வேர் புடிச்சிருக்குது. காரு நிறுத்தற எடத்துல பந்தல் போட்டா தாயி வரமாட்டேன்னா சொல்லப் போறா? இவரு காரு வெயில்ல நிக்கக் கூடாது, அதுக்கு என்ர புல்லு சாகோணுமா? வேலையை எடுத்துக்கட்டும். நாளைக்கும் விடியறப்ப பனி தட்ட வருவேன். முடிஞ்சா நிறுத்தச் சொல்லுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ‘யோசித்துச் சொல்கிறாராம்’ என்ற வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. என் வேலையும் அதே தலைவர் கையில்தான். ஆனால் அந்த வெறுங்கால்களில் புல் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. கார் உட்பட அத்தனையையும் ஒன்றுவிடாமல் வங்காளத்தில் சொல்லிவிட்டேன்.

பூஜா கமிட்டிப் பெண்கள் பக்கத்திலிருந்து முதலில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் மரநிழலில் நின்ற தன் காரைப் பார்த்தார். “எங்கே தோண்டட்டும், தாதா?” என்று பந்தல்காரர் கேட்டபோது, கார் நிறுத்துமிடத்தைக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பந்தல் முடிந்து, சிலையைத் தூக்கி வந்தவர்கள் குறுக்குவழியாகக் கிரீன் ஓரத்துக்கு வந்தபோதுதான், காஸ்பாபு கைகூப்பி அம்மனிடம் அப்படிக் கேட்டுக்கொண்டார். அம்மனும் தள்ளித்தான் போனாள்.

ஆனால் மூங்கில் லாரி வந்த அன்று சாயங்காலமே என்னைக் கூப்பிட்டிருந்தார்.

“இத்தனை வருசமா மழுப்பிட்டே இருந்தீங்க. இன்னிக்குத்தான் நான் பேசுனது நான் பேசுனாப்லயே இருந்துச்சு. ஷூவைக் கழட்டிப்போட்டு வாங்க தம்பி, சித்த நேரம் நில்லுங்க.”

நின்றேன். உள்ளங்காலுக்குப் புல் குளுகுளுவென்று இருந்தது. அவர் இன்னும் அங்கேதான் பனி தட்டிக்கொண்டிருக்கிறார். இந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவரிடம்தான் இன்னும் சொல்லவில்லை.